சுத்தமான ரிப்போர்ட்

அணுமின் நிலையத்து வெல்டருக்கும் அவர் மகளுக்கும் சாப்பாட்டு மேசையில் தினமும் வாக்குவாதம்தான்.

"கழிவை எந்தத் தலைமுறை தலையில கட்டப் போறீங்க? உள்ள வேலை பாக்குறவங்க கதியை யாராவது யோசிச்சீங்களாப்பா?" என்பாள் மகள். டிப்ளமா முடித்த கையோடு, நிலையத்தை எதிர்த்துத் தெருத்தெருவாக நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவர் அலட்டிக்கொள்ள மாட்டார். சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ், உடம்பில் ஏறும் கதிர்வீச்சை அளக்கும். மாதாமாதம் ரிப்போர்ட் வரும். அதை எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்.

"பதினோரு வருஷமா உலைக்குப் பக்கத்துலயே நிக்கிறேன். ஒரு மாசமாவது அளவு ஏறியிருக்கா, நீயே பாரு."

பார்த்துப் பார்த்து அவள் மனசு மாறிப்போனது. ஒரு நாள், "நீங்கதாம்ப்பா ஜெயிச்சீங்க. உங்க பிரிவுலயே எனக்கு வேலை கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை சேரணும்" என்றாள்.

வெல்டர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். "வேண்டாம்மா" என்றார்.

"ஏம்ப்பா?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்.

திங்கட்கிழமை உலைக்கூடத்து வாசலில், அப்பாவோடு வந்த மகளை மேற்பார்வையாளர் நிறுத்தினார்.

"பேட்ஜைக் கழட்டி லாக்கர்ல வெச்சுட்டு உள்ள போம்மா. அளவு ஏறிட்டா வேலையை விட்டு நிறுத்திருவாங்க. என்ன முழிக்கிற, உங்கப்பா சொல்லித் தரலையா? சேர்ந்த நாள்லேர்ந்து அவர் அப்படித்தானே போறார்."

மகள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

அவர் குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தார்.