எண்பதாம் வாசல்
ஓர்ஸ் ஹில் குன்றிலுள்ள அலுவலகத்தின் யன்னலை மழைக்காற்று அடித்து அடித்துத் திறக்கிறது. கீழே உள்துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள் புறப்பட உறுமிக்கொண்டு நிற்கின்றன. கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கையை மீனவர் சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஸல்ஹா எழுதி முடித்துவிட்டாள். பக்கத்தை வெளியே காட்ட வேண்டிய சேர்வர்தான் எண்பதாம் போர்ட்டில், இணையப் பக்கங்களுக்கான வழமையான வாசலில், எழும்ப மாட்டேன் என்கிறது. அனுமதி இல்லையாம். வேறு இலக்க வாசலில் உடனே எழும்பும். படகுகள் கட்டும் ஜெட்டியின் சுவரில் மீனவர்களுக்காக ஒட்டிய முகவரியில் அந்த இலக்கம் இல்லையே. ரூட்டாக, எல்லா அதிகாரமும் கொடுத்து, ஓட்டினாலும் எழும்பும். பிறகு எவனாவது புகுந்தால் முழுக் கணினியும் அவன் கையில். துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்யும் தம்பி இஹ்ஸான் தொலைபேசியில் இருக்கிறான். "போர்ட்டுக்குள்ள விடுதில்லடா," என்கிறாள். அவன் துறைமுகத்தை நினைத்துக்கொள்கிறான். "பாஸ் எடுத்தனீங்களா ராத்தா? எனக்கே ஜெட்டிக்கு மட்டுந்தான் பாஸ். மற்றப் பக்கம் போக ஏலாது." அவள் விரல் நிற்கிறது. ஜெட்டிக்கு மட்டும். ரூட்டாக ஓட்டத் தட்டிய கட்டளையை அழித்துவிட்டு, சேர்வருக்கு அந்த ஒரு வாசலுக்கு மட்டும் அனுமதி எழுதுகிறாள். பக்கம் திறக்கிறது. கதிரையைத் தள்ளிவிட்டு யன்னலுக்கு ஓடுகிறாள். கீழே ஒரு படகின் எஞ்சின் அணைகிறது. காதைக் கொடுத்தபடி நிற்கிறாள். மற்றவை இன்னும் உறுமுகின்றன.