பதினோரு பேர் படம்

ஆலை வாசலில் போராடியவர்களைப் போலீஸ் லாரியில் ஏற்றுவதற்கு முன் எடுத்த புகைப்படம் அது. அதில் பதினோரு பேர். பதினோரு பேரும் வீடு திரும்பினார்கள். ஓவியக்காரியின் அண்ணன் திரும்பவில்லை. “உங்கண்ணன் அங்க போகவே இல்லம்மா, படத்துல எண்ணிப் பாருங்க” என்று விசாரணை அதிகாரி இருபது வருஷமாக ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்.

அவள் எந்தப் புகைப்படத்தையும் கட்டம் போட்டு, தலைகீழாகத் திருப்பிவைத்துத்தான் வரைவாள். முகம் தெரிந்தால் கை பொய் சொல்லும் என்பது அவள் கட்சி. இதையும் அப்படியே கட்டம் கட்டமாக முடித்து, நேராக நிமிர்த்தினாள். வரிசைக் கடைசியில் பன்னிரண்டாவதாக அண்ணன் நின்றிருந்தான்.

கண்காட்சிக்கு முதல் நாள் அதிகாரி வந்து விரலால் எண்ணினார். “இத அழிங்க. இல்லன்னா நாளைக்கு ஹாலுக்குப் பூட்டுதான்.”

“நான் வரைஞ்சது பதினொண்ணு சார். அதிகமா நிக்கறவர நீங்களே அழிச்சுக்குங்க” என்று பிரஷ்ஷை நீட்டினாள். அவர் வெள்ளைப் பெயின்டை அப்பிவிட்டுப் போனார்.

காலையில் அண்ணன் ஓரடி முன்னால் வந்து நின்றிருந்தான், தோளில் வெள்ளையோடு. படத்தை அப்படியே ஹாலில் மாட்டினாள்.

கதவு திறந்த ஐந்தாம் நிமிஷம் அதிகாரி போனில் வந்தார். “எங்க ஃபைல்ல இருக்கற போட்டோவ என்னம்மா பண்ணீங்க?”

“எத்தன பேர் இருக்காங்க?”

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“சத்தமா எண்ணுங்க சார். நான் போன வைக்க மாட்டேன்.”

அவர் எண்ணினார். பதினொன்றில் குரல் நின்றது.

“ம்... மேல.”

“பன்னெண்டு” என்றார். “தோள்ல பெயின்ட் இன்னும் காயலம்மா.”