இடது இறக்கை

அந்தப் பறவையின் இடது இறக்கையைத் தூக்கிப் பார்த்தே ஆகவேண்டும் எனக்கு.

விட்டால்தானே! கிரிவலப் பாதையில், மழைக்குச் சாய்ந்த புளியமரத்துக்குப் பக்கத்தில், அத்தனை பேரும் அதைச் சுற்றி நிற்கிறார்கள். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. பூக்காரி பச்சையம்மாள் தன் கூடையிலேயே அதை உட்காரவைத்துக் கற்பூரமும் ஏற்றிவிட்டாள். புயல் ஓய்ந்ததும் வானத்திலிருந்து விழுந்ததாம். அண்ணாமலையார் அனுப்பியதாம்.

சாமியும் இல்லை, பூதமும் இல்லை. அது ஆலா. நடுக்கடல் பறவை. என் வீட்டுக்காரர் ஆராய்ச்சிக் கப்பலில் போய் எண்ணிக்கொண்டிருக்கும் பறவை.

புயலன்று நின்றுபோனது கப்பலின் ஒயர்லெஸ்; இன்னும் பேசவில்லை. எஸ்.டி.டி. பூத்தில் நின்று நின்று என் கால் வீங்கிவிட்டது. ஒன்றும் ஆகியிருக்காது என்கிறார்கள் சென்னை ஆபீசில். நானும் அதையேதான் சொல்லிக்கொள்கிறேன். இந்த ஆலா வேறு எங்கிருந்தாவது வந்திருக்கட்டும். கடல் என்ன சின்னதா?

போன தடவை வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னார். புயலடித்தால் ஆலாக்கள் கப்பலில் வந்து ஒண்டிக்கொள்ளுமாம். துரத்தினாலும் போகாதாம். கப்பல் தண்ணீருக்கு மேலே இருக்கும்வரை விடாதாம்.

கையை நீட்டினேன். பச்சையம்மாள் தட்டிவிட்டாள்.

"ஒரே ஒரு தடவை அந்த ரெக்கையத் தூக்கிக் காட்டுக்கா. உன் கால்ல விழறேன்."

அழுதுவிட்டேன். நடுரோட்டில், வெட்கமே இல்லாமல். என்ன நினைத்தாளோ, பாவம், விரித்துக் காட்டினாள்.

மஞ்சள்.

கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அம்மனே வந்திருக்கிறாள் என்று யாரோ கத்தினார்கள்.

கப்பலில் வந்து உட்காரும் ஆலாவை இரண்டாம் முறை எண்ணிவிடக் கூடாதென்று, அதைப் பிடித்து இடது இறக்கைக்கு அடியில் அவர் அடையாளச் சாயம் தடவிவிடுவார். இந்தத் தடவை சாயம் கிடைக்கவில்லை. ஸ்பிரிட்டில் கரைத்தால் வீட்டு மஞ்சளே போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

நான் இடித்துக் கொடுத்த மஞ்சள்.

பச்சையம்மாள் குங்குமத் தட்டை என் பக்கம் நீட்டினாள்.

"சுமங்கலி, நீயே மொதல்ல வெச்சுக்கம்மா."

எடுத்தேன். நெற்றியில் வைத்தேன். வகிட்டில் வைத்தேன். தாலியில் வைத்தேன். மறுபடியும் நெற்றியில், மறுபடியும் வகிட்டில். போதும் போதும் என்று பச்சையம்மாள் என் கையைப் பிடித்தாள்.

எனக்குப் போதவில்லை.