டெம்போவில் ஏறிய டைப்ரைட்டர்கள்

விடிந்தும் விடியாமலும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வாசலில் டெம்போ நின்றது. டிரைவர் ஆண்டிச்சாமி மெஷின்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். போர்டைக்கூடக் கழற்றியாகிவிட்டது.

முதல் பேட்ச்சுக்கு வந்த சண்முகத்தாய் டெம்போவை நோக்கி ஓடினாள். அடுத்த வாரம் ஹையர் பரீட்சை. பாஸானால் மில் ஆபீசில் வேலை. இல்லையென்றால், அதே மில்லில் அம்மாவோடு பஞ்சுத் தூசிக்குள் நிற்க வேண்டியதுதான்.

“மெஷினெல்லாம் எங்கண்ணே போகுது?”

“ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தாயி. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

இது போதாதா? எதிர் டீக்கடைக்கு ஓடி, கடைக்காரர் பொன்னுராஜிடம் சொன்னாள். ராஜபாளையத்தில் நியாயம் கேட்க ஆள் சேர எவ்வளவு நேரமாகும்? தெருவே டெம்போவை மறித்தது. ஓனர் சுயம்புலிங்கம் மெஷின்களை விற்றுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டார் என்று ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதினார்கள்.

“விட்றாதீகய்யா. பொம்பளப் பிள்ளைக பொழப்பு இது,” என்றார் பொன்னுராஜ்.

டெம்போ நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது. புகாரில் சண்முகத்தாயே கையெழுத்துப் போட்டாள். கேஸ் பதிவாகி, மெஷின்களை உள்ளே வைத்துப் பூட்டி, சீலும் வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மத்தியானம் சுயம்புலிங்கம் வேர்த்து விறுவிறுத்து ஸ்டேஷனுக்கு வந்தார். பொன்னுராஜ் ஏசியதையெல்லாம் அவர் காதில் வாங்கவில்லை. சண்முகத்தாயைத்தான் பார்த்தார்.

“கட்டடத்துக்காரர் திடீர்னு காலி பண்ணச் சொல்லிட்டாரு தாயி. வேற இடம் அமையாம உங்ககிட்ட என்னன்னு சொல்ல? ஸ்ரீவில்லிபுத்தூர் இன்ஸ்டிடியூட்ல கெஞ்சிக் கேட்டேன். அங்க மெஷின் பத்தாது. நம்ம மெஷினோட வந்தா, பரீட்சை வரைக்கும் நம்ம பிள்ளைக அங்கயே பழகலாம்னாக. பெஞ்செல்லாம் போட்டு வச்சிட்டு, உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வாரேன்.”

பொன்னுராஜுக்கு அடுப்பில் வைத்த பால் ஞாபகம் வந்து, மெல்ல நழுவினார்.

சண்முகத்தாய் பதறிப்போய் இன்ஸ்பெக்டரிடம் போனாள். தெரியாமல் செய்துவிட்டதாகவும், புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் கும்பிட்டுச் சொன்னாள்.

“இனி கோர்ட்டு சொன்னாத்தாம்மா வெளிய வரும். மாசக்கணக்காகும்,” என்றார் அவர்.

அவள் தேம்பி அழ ஆரம்பித்ததும் அவருக்கே பாவமாகப் போய்விட்டது. ஆறுதலாகச் சொன்னார்:

“அதுவரைக்கும் நீ பயப்படாத. ஒருத்தனும் மெஷினத் தொட முடியாது.”