வியாழக்கிழமைக் கோடு

"ஏலாது எண்டா ஏலாது! ஊரே எட்டிப் பாக்க என்ட போட் என்ன பொதுக் கிணறா?"

பஸ்தியான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிய வேகத்தில் ஆலங்குடா மீனவர் சங்க மண்டபம் அடங்கிப்போனது.

கருத்துக் கேட்கக் கொழும்பிலிருந்து வந்திருந்த மீன்பிடித் திணைக்கள அதிகாரி நஸ்ஹா பொறுமையாக மறுபடியும் சொன்னாள்.

"ஐயா, போட்ல பூட்டியிருக்கிற கருவி சொல்ற இடம் இப்ப எங்கட கொம்பியூட்டருக்கு மட்டும்தான் தெரியும். அதுக்கு ஒரு ஜன்னல் வெச்சுத் திறந்து விட்டா, யார் செஞ்ச போன் அப்பும் அதால தகவல் எடுக்கலாம். கரையில இருந்தே போன்ல போட்டப் பாக்கலாம். திறக்கலாமா, யாருக்குத் திறக்கலாம்? அதக் கேக்கத்தான் வந்திருக்கிறோம்."

"திறக்கணும்!" முன்வரிசையிலிருந்து அனஸ்தாசியா எழும்பினாள்.

அவள் கேட்பதில் நியாயம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. போன வருசம் அவள் புருசன் கில்பட்டின் போட் எஞ்சின் நின்று இழுபட்டுப் போனபோது, அது எங்கே மிதக்கிறது என்று கொம்பியூட்டருக்குத் தெரிந்திருந்தது. கரையில் நின்று கத்தியவளுக்குத் தெரியவில்லை. அனுமதி அது இது என்று அலைந்து தகவல் கைக்கு வரும்போது கடல் தன் வேலையை முடித்துவிட்டது. போட்டும் போய் மனுசனும் போய், இப்போது மகன் சுஜன் அடுத்தவர் போட்டில் கூலிக்குப் போகிறான். அவன் கடலுக்குப் போகிற நாளெல்லாம் அவள் கரையிலேயே காத்து நிற்பாள்.

"என்ட பிள்ளை எங்க நிக்கிறான் எண்டு எனக்குத் தெரியணும். அதுக்கு இவர் ஏன் குறுக்க நிக்கிறார்? மடியில கனமில்லாட்டி வழியில என்ன பயம்?"

பின்வரிசையில் சிரித்தார்கள். பஸ்தியான் இந்தியாவிலிருந்து கள்ளமாகப் பீடி இலை இறக்குகிறார் என்று ஊரில் ஏற்கெனவே ஒரு கதை.

"இருங்க தங்கச்சி. உங்களுக்கு விளங்காது." பஸ்தியான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஓம், எனக்கு விளங்காதுதான்! மிஸ், மாதிரிக்கு ஒரு போட்டத் திரையில காட்டலாம் எண்டீங்களே. பஸ்தியான்ட போட்டப் போடுங்க!"

'அண்ணன்' சேர்க்காமல் அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சொந்தக்காரர் சம்மதிச்சாத்தான் போடலாம்," என்றாள் நஸ்ஹா.

"சம்மதிக்க மாட்டார், பாருங்க!"

"போட்டா பீடி இலை மணக்கும்!"

மண்டபம் கொதித்தது. பஸ்தியான் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். மறுத்தால் கள்ளன் என்றே முடிவு கட்டிவிடுவார்கள்.

"போடுங்க மிஸ். தங்கச்சி, பிறகு என்னைக் குறை சொல்லாதீங்க."

திரையில் கடல் நீலமாக விரிந்தது. அதன்மேல் நாள் குறித்த சிவப்புக் கோடுகள். மற்ற நாட்களில் எல்லாரும் போகிற இடத்துக்குத்தான் அவரும் போயிருக்கிறார். வியாழக்கிழமைகளில் மட்டும் ஒரு கோடு தனியே விலகி, யாரும் போகாத ஓரிடத்தில் போய் நின்றது.

சுஜன் தாயின் கையை இறுக்கிப் பிடித்தான். "அம்மா, அது அப்பாட பார்."

அனஸ்தாசியாவுக்கு இரத்தம் தலைக்கேறியது. கடலடியில் மீன் அடைகிற பாறைத் திட்டைத்தான் பார் என்பார்கள். அதைக் கண்டுபிடித்தவன் மகனுக்கும் நம்பின ஒரு கூட்டாளிக்கும் தவிர, பெற்ற தாய்க்குக்கூட இடத்தைச் சொல்லமாட்டான். கில்பட்டின் கூட்டாளி யாரென்று அவளுக்கே தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. செத்தவனுடைய பாரில் தூண்டில் போட்டுத் தின்கிறானே, இவனெல்லாம் மனுசனா?

அவள் வாயைத் திறப்பதற்குள் நஸ்ஹா கோட்டை விரலால் தொடர்ந்தாள்.

"திரும்பி வரக்குள்ள ஐயா நேரா ஆலங்குடாத் துறைக்கு வரல்ல. வியாழன்ல மட்டும் போட் முதல்ல மாதா கோயிலுக்குப் பின்னால நிண்டிருக்கு. எல்லா வியாழனும் அப்பிடித்தான்."

கோயில்.

வெள்ளிக்கிழமை விடிந்தால் கோயில் சுவாமியார் அவள் வீட்டுக்கு ஒரு பெட்டி மீன் அனுப்புவார். யாரோ நேர்ந்துவிட்ட மீன் என்றுதான் சொல்வார். அதை விற்றுத்தான் அவள் அடுப்பு எரிகிறது.

அனஸ்தாசியா மெதுவாகத் திரும்பினாள். பஸ்தியான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

"கில்பட் எனக்குச் சொன்ன இடம் தங்கச்சி. அது உங்கட பங்கு. வெளிய தெரிஞ்சா ஒரு கிழமைக்குள்ள துடைச்செடுத்துப் போடுவாங்க. அதுதான் மறைச்சேன்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மண்டபம் நிறைய மீன்பிடிக்காரர்கள். எல்லார் கையிலும் போன். மகனைக் காக்க வந்தவள், அப்பன் அவனுக்கு விட்டுப்போன ஒரே சொத்தை ஊர் முன்னால் தன் வாயாலேயே விரித்துப் போட்டுவிட்டாள்.

"மிஸ், எழுதுங்க." அனஸ்தாசியா நஸ்ஹாவின் பக்கம் ஓடினாள். "வீட்டாக்களுக்குத் திறந்து விடுங்க. ஊருக்குத் திறக்காதீங்க. ஐயோ அண்ணே, நான் என்ன செஞ்சு போட்டேன்!"

திரையில் அந்த இடம் அப்படியே இருந்தது.

பின்வரிசையில் யாகப்பு எழும்பினார். பீடி இலைக் கதையை முதலில் கிளப்பிவிட்டவரே அவர்தான். கையிலிருந்த போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"மிஸ், அந்தப் படத்தில எனக்கு ஒண்டுமே தெரியல்ல. கண்ணாடிய வீட்டில வெச்சிட்டு வந்திட்டேன்."

யாகப்பு ஒருநாளும் கண்ணாடி போட்டவரில்லை.

"எனக்கும் தெரியல்ல," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"நானும் கொண்டுவரல்ல."

அன்று அந்த மண்டபத்தில் ஒருவர்கூடக் கண்ணாடி கொண்டுவந்திருக்கவில்லை.