சாவியின் பிடி

வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது ஜெயக்கொடி வீட்டு வழக்கம். புருஷன் விருமாண்டிக்குக் கடைசியாக வலிப்பு வந்தபோது, சிவப்புக் கயிறு கட்டிய வாசல் சாவியைத்தான் கொடுத்தாள். உயிர் போன பிறகும் அந்தப் பிடி தளரவில்லை. சாவியோடே புதைத்துவிட்டு, வாசலுக்கு வேறு பூட்டு வாங்கினாள்.

இப்போது மகன் அழகுபாண்டிக்கும் அதே வலிப்பு. எந்த மாத்திரைக்கும் அடங்காததால், மதுரைக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டி வந்திருந்தாள்.

"ஊசியெல்லாம் இல்லக்கா. மூளையில ரத்தம் எங்கிட்டு எம்புட்டு ஓடுதுன்னு படம் பிடிக்கப் போறோம். இரும்பு மட்டும் உள்ள வரக் கூடாது" என்றார் ஸ்கேன் எடுப்பவர்.

அழகுபாண்டியின் இடுப்புத் தாயத்தைக்கூட அவள் அவிழ்த்து வாங்கிக்கொண்டாள். உள்ளங்கை இரண்டையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் மகன் உள்ளே போனான்.

ஸ்கேன் முடிந்து ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"படம் நல்லா விழுந்திருக்குக்கா. பையன் அசையவே இல்ல, தூங்கிட்டான்."

அவனுடைய வலது கை மூடியிருந்தது. விரலிடுக்கில் ஈரமண் அப்பிய சிவப்புக் கயிறு தொங்கியது.

"அழகு, கைய விடுய்யா" என்றாள் ஜெயக்கொடி. ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரிந்த பிடிதான் அது.