வெளியே விட்ட குழாய்

பனி அள்ளும் மண்வெட்டியை எடுக்கப் பட்டறைக் கதவைத் திறந்த வசிலுக்கு, உள்ளேயும் மூச்சு புகையாக வந்தது.

ஹீட்டர் நின்றுபோயிருந்தது.

மண்வெட்டியை மறந்து மேசைக்கு ஓடினார். அங்கிருந்த களிமண் தலைச்சிலையின் மேல் போர்த்தியிருந்த ஈரத்துணி பலகை மாதிரி விறைத்திருந்தது. மெல்லப் பிரித்தார். நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே வெடிப்பு. கன்னத்தில் பதிந்திருந்த கட்டைவிரல் ரேகைகளின் மேல் வெள்ளையாகப் பனி.

உருகினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

அது அவர் மனைவி ஸ்டெஃப்காவின் முகம். மகள் ஹால்யா செய்தது. ஒரு காது மட்டும் பாக்கி. வந்து முடிக்கிறேன் என்று துணியைப் போர்த்திவிட்டு டவுனுக்குப் போனவளின் வண்டி சாலைப் பனியில் சறுக்கியது. வரவே இல்லை.

அன்றிலிருந்து ஸ்டெஃப்காவுக்கு அந்தக் களிமண்தான் பிள்ளை. தினமும் துணியை நனைப்பாள். ஹீட்டரில் கேஸ் எரிய எரிய ஊறும் தண்ணீர் குழாய் வழியாக வாளியில் சொட்டும்; அதையும் அவளே சுமந்துபோய்க் கொட்டுவாள். போன கிறிஸ்துமஸ் விருந்தில், செத்தவர்களுக்கென்று வைக்கிற தட்டைக்கூட அவள் வைக்க விடவில்லை.

"அவ வந்து முடிக்கிறேன்னு சொல்லிட்டுத்தானே போயிருக்கா?" என்று சண்டைக்கு வந்தாள்.

ஒருநாள் வாளியோடு வழுக்கி விழுந்தாள். வசிலுக்கு மனசு கேட்கவில்லை. குளிர் தொடங்கும் முன்பே சுவரில் துளை போட்டு, குழாயை வெளியே விட்டுவிட்டார்.

"ஏண்டா வசில், மானிடோபா குளிர்ல குழாய வெளிய விடுற புத்திசாலிய இப்பத்தான் பாக்கறேன். உறைஞ்சு அடைச்சுக்கும்டா! தண்ணி போக வழியில்லன்னா ஹீட்டர் தானா நின்னுடும்," என்று பக்கத்துப் பண்ணை பெட்ரோ சிரித்தார்.

டிசம்பர் முழுக்க அடைக்கவே இல்லை. சரிவு கொடுக்கத் தெரிய வேண்டும் என்று வசில் சர்ச் ஹாலில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டார்.

பீற்றிக்கொண்ட வாயை இப்போது அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. மகள் விரல் பட்டதில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதையும் தன் கையாலேயே கொன்றாயிற்று. ஸ்டெஃப்காவிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். குழாயின் வாயைப் பனிக்கட்டி அடைத்திருந்தது.

அதன் அடியில் பனி குழிகுழியாக உருகி, மறுபடி கண்ணாடியாக இறுகியிருந்தது. சுடுதண்ணீர் ஊற்றிய குழிகள். பக்கத்தில், சமையலறைக் கெட்டிலை வைத்து எடுத்த வட்டங்கள்.

சமையலறைப் பின்கதவிலிருந்து அங்கே வரைக்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று தேய்ந்து கிடந்தது. அவர் தூங்கி எழுவதற்கு முன்னால் நடந்து நடந்து போட்ட பாதை. சரிவாவது மண்ணாங்கட்டியாவது.

நேற்று விடியும் முன் லேசாகப் பெய்த பனி, அந்தப் பாதையின் மேல் யார் காலும் படாமல் கிடந்தது.



நேற்றிரவு, ஜனவரி ஆறாம் தேதி, அவர்கள் சர்ச்சின் பழைய காலண்டர்படி கிறிஸ்துமஸ் விருந்து. ஸ்டெஃப்கா தானாகவே ஒரு தட்டு கூடுதலாக வைத்தாள். கோதுமையும் தேனும் கலந்து முதல் கரண்டியை அதில்தான் போட்டாள். அது செத்துப்போன தன் அப்பாவுக்கு என்று நினைத்து, அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் உள்ளே போனபோது, சமையலறையில் அவள் அந்தத் தட்டைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"தினமும் ஊத்துனேன் வசில்," என்றாள், திரும்பாமல். "நேத்துதான் ஊத்தல."

ஹால்யா போனதிலிருந்து ஸ்டெஃப்கா அழுது அவர் பார்த்ததில்லை. தட்டைத் துடைத்து மற்ற தட்டுகளோடு அடுக்கினாள். பிறகு அழுதாள்.